ரோமர் 12:2-ஐ எந்த வரிசையில் வாழ்வது? முழுமையான வழிகாட்டி

"உலகத்துக்கு ஒத்துப்போகாமல் எப்படி வாழ்வது?" என்று கேட்டுக்கொண்டு வேதபாடத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கும். ஒரு தம்பி புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் 17 வரிகள் எழுதிக்கொண்டு வந்தான். எல்லா வரியும் "மாட்டேன்" என்றே முடிந்தது. இதைப் பார்க்க மாட்டேன், அங்கே போக மாட்டேன், அவர்களோடு பேச மாட்டேன். மூன்றாவது வாரம் ஆளையே காணோம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஆனால் நான் பட்டியலைக் கடைப்பிடித்துவிட்டேன், அது இன்னும் மோசமாகப் போனது. ஒரே வருடத்தில், கடைப்பிடிக்க முடியாதவர்களை ஏளனமாகப் பார்க்கிற ஆளாகிவிட்டேன். வீட்டில் இருந்தவர்கள் என்னோடு பேசவே யோசித்தார்கள்.

இரண்டு பேரும் செய்த தப்பு ஒன்றுதான்: வரிசையைத் தலைகீழாகப் பிடித்தோம். அதனால் இந்த வழிகாட்டியில் படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். ஏழாவது படிதான் சுவாரசியமாக இருக்கிறது என்று அங்கிருந்து தொடங்கினால், இரண்டு மாதத்தில் மறுபடி முதல் படிக்கு வரவேண்டியிருக்கும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வேதாகமம், முடிந்தால் அச்சுப் புத்தகம். ஃபோனில் படிக்கக்கூடாது என்று இல்லை, ஆனால் வசனம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து ஒரு நோட்டிஃபிகேஷன் இறங்கும், விரல் தானாக அங்கே போகும்.

ஒரு சின்ன நோட்டு. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்பதால் அழகாக எழுத வேண்டாம்.

ஒரு நாளில் 20 நிமிடம், தினமும் அதே நேரத்தில். ஒரு மணி நேரம் என்று தொடங்கி ஐந்தாம் நாள் விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லக்கூடிய ஒரு ஆள். இதைப் பற்றி ஒன்பதாம் படியில் சொல்கிறேன், ஆனால் யார் என்று இப்போதே யோசிக்க ஆரம்பியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொன்று. கிறிஸ்துவை நம்பாமல் அவருடைய குணத்தை மட்டும் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் வருவார்கள். நல்ல ஆசைதான், ஆனால் இந்த வழியில் அது நடக்காது. "என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது" என்று யோவான் 15:5-ல் அவரே சொல்லியிருக்கிறார். கொடியைச் செடியிலிருந்து வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு பழத்துக்குக் காத்திருக்க முடியாது.

முதல் சில வாரங்களில் செய்யக்கூடாதவையும் உண்டு. வேலையை விடாதீர்கள். நண்பர்களுக்குப் பிரியாவிடைச் செய்தி அனுப்பாதீர்கள். "இன்று முதல் நான் புது மனுஷன்" என்று ஸ்டேட்டஸ் போடாதீர்கள். போட்டுவிட்டால் அதற்கப்புறம் அந்த ஸ்டேட்டஸைக் காப்பாற்றுவதே முழுநேர வேலையாகிவிடும்.

## 1. வசனத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்."

பிரபஞ்சம் என்றதும் இன்று நமக்கு நட்சத்திரமும் கிரகமும்தான் ஞாபகம் வரும். மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் 'ஐயோன்', அதாவது காலம், யுகம். இந்தக் காலத்தின் போக்கு, எல்லாரும் யோசிக்காமலே சரி என்று எடுத்துக்கொள்கிற நடைமுறை, அதைத்தான் ரோம சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதிய பவுல் சொல்கிறார். பூமியையோ மனிதர்களையோ வெறுக்கச் சொல்லவில்லை.

"வேஷந்தரியாமல்" என்பது பழைய மொழிபெயர்ப்பில் விழுந்த அருமையான சொல். வெளியிலிருந்து ஒரு அச்சு நம்மேல் இறங்குகிறது, நாம் அந்த வடிவத்துக்குப் போய்விடுகிறோம். இதே கிரேக்க வினைச்சொல் 1 பேதுரு 1:14-லும் வருகிறது, அங்கே அச்சாக இருப்பது நம்முடைய பழைய இச்சைகள். ஆக அச்சு வெளியிலும் இருக்கிறது, உள்ளேயும் இருக்கிறது. ஊரைவிட்டு ஓடினாலும் உள்ளே இருப்பது கூடவே வரும்.

"மறுரூபமாகுங்கள்" என்பதற்கான வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் நான்கே இடங்களில் இருக்கிறது. இயேசு மலையில் மறுரூபமானதைச் சொல்லும் மத்தேயு 17:2, மாற்கு 9:2, அப்புறம் இந்த வசனம், கடைசியாக 2 கொரிந்தியர் 3:18. மலையில் அவர் வேறு உடை மாற்றிக்கொண்டு வந்து நிற்கவில்லை, உள்ளே இருந்த மகிமை வெளியே தெரிந்தது. வேஷத்துக்கும் மறுரூபத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காட்சியைத்தான் காட்டுவேன்.

இலக்கணத்தில் ஒரு விஷயம் இருக்கிறது, தவறவிடாதீர்கள். அந்தக் கட்டளை செயப்பாட்டு வினையில் இருக்கிறது: மறுரூபமாக்கப்படுங்கள். தொடர்ந்து நடக்கும் செயலாகவும் இருக்கிறது. செய்கிறவர் தேவன், இடம் கொடுக்கிறவர் நீங்கள், அதுவும் ஒருநாள் வேலை கிடையாது.

## 2. இரக்கங்களிலிருந்து ஆரம்பியுங்கள்

12-ஆம் அதிகாரம் "அப்படியிருக்க" என்று தொடங்குகிறது. எப்படியிருக்க? அதற்குப் பதிலாகப் பதினொரு அதிகாரங்கள் முன்னால் நிற்கின்றன. "தேவனுடைய இரக்கங்களை முன்னிட்டு" வேண்டிக்கொள்கிறேன் என்று பவுல் சொல்லும்போது அந்தப் பதினொரு அதிகாரங்களைத்தான் கைகாட்டுகிறார்.

அதனால் முதல் இரண்டு வாரம் எந்தப் பழக்கத்தையும் தொடாதீர்கள். ரோமர் 3:21-26, 5:1-11, 8-ஆம் அதிகாரம் முழுவதும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். வாசித்து முடித்ததும் "எனக்காக ஏற்கெனவே செய்யப்பட்டது என்ன?" என்று ஒரு வரி எழுதுங்கள். "நான் என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு வரிகூட எழுதக்கூடாது. இது புதியவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா, மூன்றாம் நாளே "நான் இனிமேல்" என்று பேனா தானாக ஓடும்.

காரணம் எளிது. ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக மாற முயற்சிக்கிறவன், மாறாத பகுதிகளை ஒளித்துவைப்பான். ஏற்றுக்கொள்ளப்பட்டாயிற்று என்று தெரிந்தவன்தான் ஒளிக்காமல் எடுத்துக் காட்டுவான். நான்காம் படியில் உங்கள் அழுக்கை நீங்களே பார்க்கப்போகிறீர்கள். "நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்ததினாலே" என்ற ரோமர் 5:8 உள்ளே இறங்காமல் அந்தப் படிக்குப் போனால் ஒன்று பொய் சொல்வீர்கள், இல்லை நொறுங்கிப் போவீர்கள்.

## 3. சரீரத்தை ஒவ்வொரு உறுப்பாக ஒப்புக்கொடுங்கள்

பவுல் மனதுக்கு முன்னால் சரீரத்தைச் சொல்கிறார், கவனித்தீர்களா? "உங்கள் சரீரங்களை ஜீவபலியாக" என்பது 1-ஆம் வசனம், மனம் வருவது 2-ஆம் வசனத்தில். "ஆண்டவரே, என்னை முழுவதும் தருகிறேன்" என்று கண்ணீரோடு ஜெபித்துவிட்டு அரை மணி நேரத்தில் அதே வாயால் ஒருவரைக் கிழித்துத் தொங்கவிட முடிகிறது என்றால், "முழுவதும்" என்ற சொல்லில் வாய் சேரவில்லை என்று அர்த்தம்.

ரோமர் 6:13 "அவயவங்கள்" என்று பன்மையில் பேசுகிறது. அப்படியே செய்யுங்கள். காலையில் இரண்டு நிமிடம் போதும். கண், காது, வாய், கை, கால் என்று வரிசையாக, அன்றைய நாளோடு சேர்த்துச் சொல்லுங்கள். "11 மணிக் கூட்டத்தில் என் வாய் உம்முடையது. அவர் என்னை மட்டம்தட்டிப் பேசும்போதும் உம்முடையது." இப்படிக் குறிப்பாகச் சொன்னால் 11 மணிக்கு ஞாபகம் வரும். பொதுவாகச் சொன்ன ஜெபம் அந்த நேரத்துக்கு ஞாபகம் வராது.

## 4. எந்த அச்சில் இருக்கிறீர்கள் என்று ஒரு வாரம் பாருங்கள்

ஒரு வாரம் எதையும் திருத்தாமல் கவனிக்க மட்டும் செய்யுங்கள். நோட்டில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: என்ன செய்தேன், அப்போது யார் பார்வை என் மனதில் இருந்தது, எதை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். இந்த மூன்றாவது பத்திதான் விஷயம். செயலைப் பார்த்தால் அச்சு தெரியாது. பயத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆரம்பத்திலேயே திருத்தப் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற பாவத்தைத்தான் பிடிப்பார்கள். வாரம் முழுக்கக் கவனித்தால் வேறு ஏதோ வெளியே வரும். என் நோட்டில் புதன்கிழமை இப்படி ஒரு வரி: "யாரும் கேட்காமலே, காலையில் எத்தனை மணிக்கு எழுந்து ஜெபிக்கிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன்." இரண்டாவது பத்தியில் சபையில் மூன்று பேர் பெயர். மூன்றாவது பத்தியில் "பக்திமான் என்ற பெயர்." உலகத்தின் வேஷத்தைத் தேடிப் போனவனுக்குக் கையில் கிடைத்தது சபையின் வேஷம்.

இது புதுசும் இல்லை. கலாத்தியர் 2:11-14-ஐ எடுத்துப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவர்களோடு, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுலின் ஊழியத் தோழர் பர்னபாகூட இழுபட்டார். அங்கே அழுத்தம் கொடுத்தது கேளிக்கை விடுதிக் கூட்டம் இல்லை, பக்தியுள்ள மனிதர்கள். பவுல் அதை நேருக்கு நேர் எதிர்த்தார். ஆகவே "உலகம்" என்றால் சபைக்கு வெளியே இருப்பது என்று கோடு போட்டுக்கொண்டு இந்தப் படியைச் செய்யாதீர்கள்.

பார்த்ததை வகைப்படுத்த 1 யோவான் 2:16 உதவும்: மாம்சத்தின் இச்சை (உடலின் ஆசை), கண்களின் இச்சை (பார்த்ததற்கு ஆசைப்படுவது), ஜீவனத்தின் பெருமை (இருப்பதையும் பெயரையும் காட்டிப் பெருமைப்படுவது). ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் மா, க, ஜீ என்று ஒரு எழுத்துப் போடுங்கள். எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணினால் போதும். பெரும்பாலானவர்கள் மா அதிகம் இருக்கும் என்று நினைப்பார்கள், ஜீ-தான் நிரம்பிக் கிடக்கும்.

இந்த வாரத்தை மூன்று வாரமாக இழுக்காதீர்கள். சிலருக்குத் தங்களையே தோண்டிக்கொண்டிருப்பது ஒருவித ருசியாகிவிடுகிறது. ஏழாம் நாள் சங்கீதம் 139:23-24-ஐ ஜெபமாகச் சொல்லி நோட்டை மூடுங்கள்.

## 5. ஒன்றே ஒன்றை எடுத்து, அதன் அடியில் இருக்கும் பொய்யைக் கண்டுபிடியுங்கள்

நோட்டில் 30 வரி இருக்கலாம். ஒன்றை எடுங்கள், மற்றதை விடுங்கள். விட்டால் அவை வளர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். ஒரே வேரில் பத்து கிளை இருக்கும், அதனால் ஒரு வேரைச் சரியாகத் தோண்டினால் நோட்டில் பாதி வரிக்குப் பதில் கிடைத்துவிடும்.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். ஒரு சகோதரி எடுத்தது இது: கூட வேலை செய்கிறவருக்குப் பதவி உயர்வு வந்தது, வாழ்த்து சொல்ல வாய் வரவில்லை, வயிறு எரிந்தது.

ஏன் எரிந்தது? "நான் அவரைவிட அதிகம் உழைத்தேன்." சரி, அதனால் என்ன? "அவருக்குக் கிடைத்துவிட்டது, எனக்கு இல்லை." இல்லாவிட்டால் என்ன? இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "நான் பின்தங்கியவள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பின்தங்கியவளுக்கு மதிப்பு இல்லை."

கடைசி வரிதான் பொய். மேலே இருக்கும் பொறாமை அதன் புகை. "பொறாமைப்படாதே" என்று தனக்குத்தானே நூறுமுறை சொல்லிக்கொண்டாலும் அடியில் அந்த வரி உட்கார்ந்திருக்கிறவரை புகை வந்துகொண்டேதான் இருக்கும். மனம் புதிதாக வேண்டும் என்று பவுல் சொல்வதற்கு இதுதான் காரணம். நாம் நம்புகிறபடிதான் நடக்கிறோம், வாயால் அறிக்கை செய்கிறபடி இல்லை.

இந்தப் படியில் எல்லாரும் செய்யும் தப்பு, பொய்யைத் தேடும்போது பக்தியான பதில் எழுதுவது. "தேவனை முழுமையாக நம்பாததுதான் காரணம்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவார்கள். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் எல்லாப் பாவத்துக்கும் பொருந்துகிற பதில் எந்தப் பாவத்துக்கும் உதவாது. எழுதும்போது கொஞ்சம் வெட்கம் வந்தால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

## 6. மனதைப் புதிதாக்கும் தினசரி வேலை

அதிக நாள் எடுக்கிற படி இதுதான். அவசரப்படாதீர்கள்.

பொய்க்கு எதிரே நிற்கிற ஒரு வேதபகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை வசனத்தைப் பிய்த்து எடுக்காமல் பத்தியாக எடுங்கள், முன்னும் பின்னும் தெரியாமல் எடுத்த வசனம் நம் இஷ்டத்துக்கு வளைந்துகொடுக்கும். அந்தச் சகோதரி எடுத்தது ரோமர் 8:31-39. அதில் 32-ஆம் வசனம்: "தம்முடைய சொந்தக்குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் அவரை ஒப்புக்கொடுத்தவர், அவரோடேகூட மற்ற எல்லாவற்றையும் நமக்கு அருளாதிருப்பது எப்படி?" மதிப்பு இல்லாத ஒருத்திக்காக யாராவது சொந்த மகனைக் கொடுப்பார்களா? அடுத்தவருக்குக் கிடைத்தது தன் பங்கிலிருந்து எடுக்கப்பட்டதா? இப்படிப் பொய்யையும் வசனத்தையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

20 நிமிடத்தை நான் பிரித்துக்கொள்வது இப்படி: முதல் ஐந்து நிமிடம் பத்தியை மெதுவாக, சத்தமாக வாசிப்பது. அடுத்த பத்து நிமிடம் ஒரு வரியை எடுத்து மெல்லுவது. கடைசி ஐந்து நிமிடம் அதையே ஜெபமாகத் திருப்பிச் சொல்வது.

மெல்லுவது என்று சும்மா சொல்லவில்லை. சங்கீதம் 1:2-லும் யோசுவா 1:8-லும் "தியானம்" என்று வருகிற எபிரெயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்றுதான் பொருள். அதே சொல் ஏசாயா 31:4-ல் இரையைப் பிடித்துக்கொண்டு உறுமுகிற சிங்கத்துக்கு வருகிறது, ஏசாயா 38:14-ல் புறாவின் புலம்பலுக்கு வருகிறது. கண்ணை மூடி மனதை வெறுமையாக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிங்கம் எலும்பை விடாது, அப்படி ஒரு வரியை விடாமல் வாயில் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லாக அழுத்தி வாசியுங்கள். "நம்மெல்லாருக்காகவும்." அப்புறம் "அருளாதிருப்பது எப்படி?" அந்தக் கேள்விக்குறியிலேயே ஒரு நாள் முழுக்க நிற்கலாம்.

அதே பத்தியில் குறைந்தது மூன்று வாரம் இருங்கள். தினம் ஒரு புதுப் பகுதி என்று ஓடுகிறவர்களுக்கு வேதத்தில் அறிமுகம் கிடைக்கும், அது வேறு நல்ல விஷயம், ஆனால் ஒரு பொய்யைப் பெயர்க்க அது போதாது. பொய் உங்கள் தலையில் பல வருடம் ஓடியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் இருந்து எவ்வளவு உள்ளே வருகிறது என்பதையும் கணக்குப் போடுங்கள். வேதத்துக்கு 20 நிமிடம், ஃபோனில் மற்றவர்களின் வெற்றிப் புகைப்படங்களுக்கு மூன்று மணி நேரம். பொறாமை ஏன் குறையவில்லை என்று அப்புறம் கேட்பதில் அர்த்தமில்லை. எல்லாவற்றையும் மூடச் சொல்லவில்லை. நீங்கள் எடுத்திருக்கும் அந்த ஒரு பொய்க்குத் தீனி போடுகிற வாசல் எது என்று பார்த்து, அதை மட்டும் இந்த வாரங்களில் சாத்துங்கள்.

இந்தப் படியில் கவிழ்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. வசனத்தை மந்திரம்போல வேகமாக உருப்போடுகிறவர்கள், எண்ணிக்கை ஏறும், பொருள் இறங்காது. அப்புறம் பிரசங்கத்துக்கு மேல் பிரசங்கம் கேட்கிறவர்கள். வேலை செய்துகொண்டே நாள்முழுக்கக் கேட்பார்கள், கேட்டதில் ஒன்றையாவது சொல்லுங்கள் என்றால் பிரசங்கியாரின் நகைச்சுவைதான் ஞாபகம் இருக்கும். யாக்கோபு 1:23-24 சொல்லும் கண்ணாடி மனிதன் இவர்தான், பார்த்தார், போனார், தன் முகம் எப்படி இருந்தது என்பதே மறந்துபோனது.

## 7. களைந்த இடத்தைக் காலியாக விடாதீர்கள்

எபேசியர் 4:22-24-ல் மூன்று அசைவுகள் இருக்கின்றன: பழையதைக் களைவது, உள்ளத்தில் புதிதாவது, புதியதைத் தரித்துக்கொள்வது. முதலாவதோடு நிறுத்திவிடுகிறவர்களுக்கு லூக்கா 11:24-26-ல் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, பெருக்கி ஜோடித்து வைத்த வீட்டுக்கு, போன ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்த கதை. வீடு சுத்தமாக இருந்தும் குடியிருக்க ஆளில்லை.

எபேசியர் 4:28-ஐப் பாருங்கள். திருடன் திருடுவதை நிறுத்தினால் போதும் என்று பவுல் விடவில்லை. கையால் வேலை செய்ய வேண்டும், அதுவும் குறைச்சலுள்ளவனுக்குக் கொடுப்பதற்காக. எடுத்த கை கொடுக்கிற கையாக வேண்டும், அதுவரை அவன் சும்மா இருக்கிற திருடன்தான்.

அதனால் எடுத்த ஒன்றுக்கு நேர் எதிரான ஒரு சின்னச் செயலை முன்கூட்டியே எழுதிவையுங்கள். அந்தச் சகோதரி எடுத்தது ரோமர் 12:15: "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்." யாருக்காவது நல்லது நடந்தது என்று கேள்விப்பட்டால் அன்றைக்குள், நேரில் போய், அந்த ஆளின் உழைப்பில் தான் பார்த்த ஒரு உண்மையான நல்ல விஷயத்தைச் சொல்வது. முதல்முறை குரல் நடுங்கியது, முகத்தில் சிரிப்பு ஒட்டவில்லை என்றார். மனம் வராமல் செய்தால் அதுவும் வேஷம்தானே என்றும் கேட்டார்.

நியாயமான கேள்வி, ஆகவே பதில் சொல்லிவிடுகிறேன். வேஷம் போடுகிறவன் பார்க்கிறவனுக்காகச் செய்கிறான். இவர் நம்ப ஆரம்பித்த உண்மைக்குக் கீழ்ப்படிந்து செய்தார், மனம் பின்னால் வந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், செய்கிறவருக்குத் தெரியும்.

## 8. எதை மறுப்பது, எதை ஏற்பது

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை தானியேல் முதல் அதிகாரத்துக்கு அனுப்பிவிடுவேன். தானியேல் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூத இளைஞன். பாபிலோன் அவனுக்கு மூன்று விஷயத்தைக் கொடுத்தது: பெல்தெஷாத்சார் என்ற புதுப் பெயர், கல்தேயரின் எழுத்தும் மொழியும், ராஜாவின் போஜனம். பெயரோடு அவன் மல்லுக்கட்டவில்லை. படிப்பையும் நன்றாகவே படித்தான். போஜனத்தில் மட்டும் "தன்னைத் தீட்டுப்படுத்தலாகாதென்று" இருதயத்தில் தீர்மானம் பண்ணினான்.

எல்லாவற்றையும் எதிர்த்திருந்தால் அவன் சொன்னதை யாரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள், எதையும் எதிர்க்காவிட்டால் மூன்று வருடத்தில் முழுப் பாபிலோனியனாகியிருப்பான். மறுத்த விதத்தையும் கவனியுங்கள். சண்டை போடவில்லை, அதிகாரியிடம் கேட்டுக்கொண்டான், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்றான். புதியவர்கள் பலர் மறுப்பதைவிட மறுப்பதை அறிவிப்பதில்தான் ஆர்வமாக இருக்கிறார்கள்.

கோடு எங்கே போடுவது என்று குழப்பமாக இருந்தால் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள்: இதைச் செய்ய நான் பொய் சொல்ல வேண்டுமா? இது இல்லாமல் இரண்டு வாரம் இருக்க முடியுமா? இதனால் ஒரு மனிதன் எனக்குக் கருவியாகிப் போகிறானா? வேதம் நேரடியாகத் தடுக்கும் விஷயத்தில் இந்தக் கேள்விகளுக்கு வேலையில்லை, அங்கே பதில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரேயடியாக ஒதுங்கிவிடலாம் என்று தோன்றும்போது யோவான் 17:15-ஐ வாசியுங்கள். சீஷரை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி வேண்டிக்கொள்ளவில்லை, தீமையினின்று காக்கும்படியே வேண்டிக்கொள்கிறேன் என்கிறார் ஆண்டவர். பரவாயில்லை, நான் சமாளித்துக்கொள்வேன் என்று தோன்றும்போது, பொல்லாத ஊரான சோதோமில் போய்ச் சிக்கிய லோத்தைப் பாருங்கள், ஆபிரகாமின் சகோதரன் மகன். ஆதியாகமம் 13:12-ல் சோதோமுக்கு நேரே கூடாரம், 14:12-ல் சோதோமிலேயே குடியிருப்பு, 19:1-ல் சோதோமின் வாசலில் இருக்கை. ஒரு நாளில் நடந்ததில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் அவனிடம் நல்ல காரணம் இருந்திருக்கும்.

## 9. ஒருவரிடமாவது சொல்லுங்கள்

தனியாகச் செய்யமுடியும் என்று நினைக்கிறவர்களிடம் வாதாடுவதில்லை, இரண்டு மாதம் கழித்துப் பேசுவோம் என்று விட்டுவிடுவேன். எபிரெயர் 3:13 "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்கிறது, பாவத்தின் வஞ்சனையால் கடினப்பட்டுப் போகாதபடிக்கு. ஏமாறுகிறவனுக்கு ஏமாறுவது தெரியாது, அதனால்தான் இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? உங்களைப் புகழ்கிறவர் வேண்டாம், எதற்கும் அதிர்ச்சியடைகிறவரும் வேண்டாம். தன் தப்பைத் தானாகவே ஒத்துக்கொண்டதை நீங்கள் ஒருமுறையாவது பார்த்திருக்கும் ஆள் நல்லது. ஆண் ஆணிடம், பெண் பெண்ணிடம் சொல்வது பாதுகாப்பு. சொன்னது ஜெபக்குறிப்பாக ஊர்சுற்றக்கூடாது, இதை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

வாரம் ஒருமுறை 15 நிமிடம் போதும். எந்தப் பொய், எந்தப் பத்தி, இந்த வாரம் எதிர்ச்செயல் நடந்ததா, எங்கே விழுந்தேன். அவ்வளவுதான். அறிவுரைக் கூட்டமாக மாறிவிட்டால் இரண்டு பேருக்கும் சலித்துவிடும்.

## 10. விழுந்தால் என்ன செய்வது

விழுவீர்கள். விழுந்த அன்றைக்கே அறிக்கையிடுங்கள், 1 யோவான் 1:9-ஐ வைத்துக்கொண்டு, பெயர்சொல்லி, சாக்கு இல்லாமல். அப்புறம் இரண்டாம் படிக்குப் போங்கள். நேராக ஏழாம் படிக்குப் போய் இரட்டிப்பு முயற்சி போடாதீர்கள், அது தண்டனை கட்டுகிற மனநிலை.

குற்ற உணர்வில் புதுப்புது விதிகள் போட்டுக்கொள்வதும் இந்தச் சமயத்தில்தான் நடக்கும். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற மாதிரிக் கட்டளைகளைப் பற்றி கொலோசெயர் 2:20-23 என்ன சொல்கிறது என்று வாசியுங்கள். ஞானம்போலத் தோன்றும், மாம்சத்தை அடக்க உதவாது என்று பவுல் வெளிப்படையாகவே சொல்கிறார்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் ஐந்தாம் படியில் கண்டுபிடித்த பொய் தப்பாக இருக்கலாம், மறுபடி தோண்டிப் பாருங்கள். குடி, போதை போல உடலே அடிமைப்பட்டுப்போன விஷயங்களுக்கு மருத்துவரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

## 11. மாறுகிறதா என்று எப்படித் தெரியும்?

உணர்ச்சியை வைத்து அளக்காதீர்கள். எவ்வளவு நேரம் ஜெபித்தேன், எத்தனை அதிகாரம் வாசித்தேன் என்றும் அளக்காதீர்கள், அது என் புதன்கிழமை வரிக்கே கொண்டுபோய் விடும்.

அளவுகோல் அதே அதிகாரத்தில் இருக்கிறது. ரோமர் 12:9-21-ஐ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். அன்பு மாயமற்றிருக்கிறதா? கனம்பண்ணுகிறதில் முந்திக்கொள்கிறேனா? துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதிக்க வாய் வருகிறதா? பழிவாங்கும் எண்ணம் எவ்வளவு நேரம் தங்குகிறது? பெரிய பெரிய துறவுகள் அங்கே இல்லை, கூட இருக்கும் மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் முழுக்க முழுக்க.

"தேவனுடைய சித்தம் எது?" என்று வேலையிலும் கல்யாணத்திலும் குழம்புகிறவர்களுக்கும் இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. வசனத்தில் பகுத்தறிவது மனம் புதிதானதற்குப் பின்னால் வருகிறது. முதலில் சித்தத்தைக் காட்டும், அப்புறம் மாறுகிறேன் என்று நாம் கேட்கிறோம். மாறிக்கொண்டிருக்கும் மனதுக்குப் பல முடிவுகள் தானாகவே எளிதாகிவிடுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

கடைசியாக, கூடவே வாழ்கிற ஒருவரிடம் போய் "இந்த இரண்டு மாதத்தில் என்னோடு இருப்பது சுலபமாகியிருக்கிறதா, கஷ்டமாகியிருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்னதை நோட்டில் அப்படியே எழுதி, தேதி போட்டு, அந்த வாரமே நான்காம் படியை மறுபடி தொடங்குங்கள்.